பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நீ நலமாயிருந்தாய்

காலையிலிருந்து மழை விடவில்லை. சமையலறைக்கு மேலே போட்டிருக்கும் ஷீட்டில் ஆணி அடித்த இடத்தில் ஒழுகுகிறது. கீழே குண்டான் வைத்தேன். என் மாமியார் வந்து பார்த்துவிட்டு, பீரோவுக்குப் பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ் சும்மாதானே கிடக்கிறது, அதை எடுத்து மேலே போட்டால் இன்னா என்றார். நியாயமான கேள்விதான். இந்த ஊரில் பாதி வீட்டுக் கூரையில் யாராவது ஒரு கட்சிக்காரர் கும்பிட்டபடி மல்லாந்து படுத்திருக்கிறார். நானும் எடுத்து ஓரத்தைப் பிரித்தேன். மசி வாடை இன்னும் போகவில்லை, புது மழைக்கோட்டைப் பிரித்தால் வருமே, அந்த மாதிரி. முதலில் தெரிந்தது உன் பின்னலின் நுனி. அதற்கு மேல் பிரிக்க என்னால் ஆகவில்லை. இது சின்னது, பத்தாது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு மறுபடி சுருட்டி வைத்துவிட்டேன்.

உன் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அது. உன் தெருமுனையில் கட்டியிருந்தது என் வீட்டு பீரோவுக்குப் பின்னால் வந்த கதை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்த கூத்து. இதைக் கேட்டிருந்தால் நீதான் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதில் இருக்கும் உன் படத்தை, நாம் படம் விற்கிற பேஜிலிருந்தும் வெப்சைட்டிலிருந்தும் ஒரேயடியாக அழித்துவிடுவதா, விட்டுவைப்பதா என்று இத்தனை நாளாக நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். நேற்று உன் வீட்டுக்காரர் வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் உனக்கும் எனக்கும் எதிரெதிர் மேஜை. நான் வெள்ளைத் துணி விரித்து ஷூவைப் படம் எடுப்பேன். நீ அதை ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போடுவாய். ஆர்டர் குறைந்ததும் முதலில் பூட்டியது நம் ரூமைத்தான். எல்லாரும் அழுதுகொண்டு டிபன் பையைத் தூக்கினோம். நீ மட்டும் மேனேஜரிடம் போய், கம்பெனி கழித்துக்கட்டி வைத்திருந்த பழைய கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாய். கேட் தாண்டியதுமே திட்டமும் சொன்னாய். நான் எடுப்பது, நீ விற்பது. ஒரு வெப்சைட்டில் படத்தைப் போட்டு வைத்தால் உலகத்தில் எவனுக்கு வேண்டுமோ அவன் வாங்கி விளம்பரத்துக்கோ பத்திரிகைக்கோ வைத்துக்கொள்வானாம். நம் படத்தை அவன் எதற்கு வைப்பானோ என்று நான் பயந்தேன்.

"செருப்பு மாதிரிதான்டி இதுவும். செஞ்சி கடையில வச்சிடறோம். யார் கால்ல போடுறான், எங்க நடக்குறான்றதெல்லாம் நம்ம வேல இல்ல" என்றாய்.

இப்போது எங்கெல்லாம் நடந்திருக்கிறாய் பார்.

முதலில் நமக்குத் தெரிந்ததை எடுத்தோம். கம்பியில் தொங்கும் ஈரத் தோல், சாயம் ஏறிய கை, ஒடுகத்தூர்ப் பக்கம் களத்தில் காயும் வேர்க்கடலை, மலையடிவாரத்தில் திரும்பும் பஸ். கோடிக்கணக்கான படம் கிடக்கும் இடத்தில் நம்முடையதை யார் தேடி வருவார்கள் என்று இன்ஸ்டாகிராமில் பேஜ் ஆரம்பித்தாய். பையருக்கு சாம்பிள் அனுப்புகிற அதே ஒழுங்கு. படத்தின் மேல் குறுக்கே நம் பேர். எப்படி எடுத்தோம் என்று ஒரு ரீல். வாங்க வேண்டிய லிங்க் மேலே இருக்கிறது என்று ஒரு வரி. கமென்ட் போட்ட ஒவ்வொருவருக்கும் உடனே பதில், அது வெறும் கைகூப்பல் பொம்மையாக இருந்தாலும். நான் எடுத்ததை ஃபோனில் பெரிதாக்கி, தோலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற மாதிரி மூலை மூலையாகப் பார்த்து, ரிஜெக்ட் என்பாய். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

லைக் குவிந்தது. விற்கவில்லை. சில மாதம் பார்த்துவிட்டு நீயே தீர்ப்பு சொன்னாய், தோலுக்கு லைக்கு ஜாஸ்தி, பையர் கம்மி, அவர்களுக்கு வேண்டியது சிரித்த மூஞ்சி என்று. தெருவில் கேட்டுப் பார்த்தோம். மூஞ்சி விற்கிற படம் என்றால் ஆள் கையெழுத்துப் போட்டு சம்மதம் தர வேண்டும். கையெழுத்து என்றதுமே ஒவ்வொருத்தியும் அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவினாள். பேஜார் பிடித்துப்போய் நீயே உட்கார்ந்தாய். சம்மதம் கொடுத்தவளும் நீ, விற்றவளும் நீ. அதனால் இன்றைக்கு நான் யார் சட்டையைப் பிடிக்க முடியும், சொல்.

உன் வீட்டு மொட்டைமாடி. பச்சைப் புடவை, தோளில் முன்னால் எடுத்துப் போட்ட பின்னல், பின்னால் கொடியில் துவைத்த துணி. நீ எப்படிச் சிரித்தாலும் பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரியே விறைப்பாக இருந்தது. உயரத்திலிருந்து எடுத்துப் பார்க்கலாம் என்று பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறினேன். அதன் கால் விரிந்து நான் விழுந்தேன். விழுந்தவள் கேமராவை மட்டும் தரையில் படாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். அதைப் பார்த்து நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பை உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்தேன். அதுதான் அந்தப் படம். முழங்கை சிராய்ப்போடு நான் கிடக்க, எனக்கு மருந்துகூட போடாமல் ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்து, "அப்ரூவ்டு" என்றாய்.

டேக் போட உட்கார்ந்தோம். எந்த வார்த்தையைத் தேடினால் படம் வர வேண்டுமோ அதையெல்லாம் எழுத வேண்டும். அம்மா, டீச்சர், நர்ஸ், கடைக்காரி, வாடிக்கையாளர், ஆரோக்கியம் என்று போய்க்கொண்டே இருந்தாய். போதும்டி என்றேன். சீக்கு வந்து குணமானவள் என்றும் போடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்லிக்கொண்டே அதையும் தட்டினாய். நான்கூடச் சிரித்தேன். பிற்பாடு வேலூரில் டாக்டர் சொன்னதை வைத்துப் பார்த்தால், அன்றைக்கு மொட்டைமாடியில் நீ சிரித்தபோதே அந்தக் கட்டி உனக்குள்ளே இருந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பச்சைப் புடவைக்குள் அது எங்கே என்றுதான் என் கண் போகிறது. இந்தப் பாழாய்ப்போன கண்ணை என்ன செய்வது?

படம் ஓடியது. யாரோ எங்கோ பார்த்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். ஒரு நாட்டில் நீ சோப்பு விற்றாய். இன்னொரு இடத்தில் பாங்க் லோன் வாங்கினாய். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு டீச்சரானாய். ஒவ்வொன்றையும் நம் பேஜில் போட்டு, இது எங்கள் படம், உங்களுக்கும் வேண்டுமா என்று எழுதுவாய். திருப்பத்தூரைத் தாண்டி அந்தப் பக்கம் போகாதவள் எந்தெந்த ஊரிலேயோ வேலை பார்க்கிறேன் பார் என்று உன் வீட்டுக்காரரிடம், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவரிடம், பீற்றிக்கொள்வாய். டேனரியில் தோல் ஊறும் டிரம்மை ஓட்டிவிட்டு வந்து கால் கழுவுகிற மனுஷன், சரி டீச்சர், சோறு போடு என்பார்.

வேலூர் ஆஸ்பத்திரிக்காகப் பாகாயத்தில் ரூம் எடுத்து ஊசி போட்டுக்கொண்டிருந்த நாட்களை நான் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த மத்தியானத்தை விட முடியாது. தலையில் முடி இல்லை, புருவமும் இல்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேமராவை எடு என்றாய். நான் மாட்டேன் என்றேன்.

"தேடிப் பாத்தேன்டி. கேன்சர்னு போட்டா எல்லாம் வெள்ளைக்காரிதான் வர்றா. அழகா ஸ்கார்ஃப் கட்டிக்கினு ஜன்னலப் பாக்குறா. நம்ம ஊரு பொம்பள ஒருத்தி இல்ல. மார்க்கெட் காலியா இருக்கு, எடு."

எடுத்தேன். முதல் படம் கலங்கி விழுந்தது. ஃபோகஸ் போச்சு, ரிஜெக்ட், மறுபடி எடு என்று அந்த நிலைமையிலும் திட்டினாய். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்டி. சத்தியமாகச் சொல்கிறேன். வெளிச்சம் உன் மண்டையில் இறங்கி நிற்கிறது, நீ சிரிக்காமல் நேரே பார்க்கிறாய். பேஜில் போட்டதும் கைகூப்பல் பொம்மைகளாக வந்து குவிந்தன. ஒருத்தரும் வாங்கவில்லை. ஊசிக்குப் போகும்போதும் வரும்போதும் ஃபோனைத் திறந்து பார்த்து, இது ஏன் மூவ் ஆகவில்லை என்று என்னைக் கேட்பாய். ஆகும், கொஞ்சம் டைம் எடுக்கும் என்பேன். இன்றுவரை ஆகவில்லை.

நீ போன அன்றைக்கு வீட்டில் ஐஸ் பெட்டி வருவதற்கு முன்னால் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் வந்துவிட்டார். உடலை எடுப்பதற்குள் தெருமுனையில் கட்டியாக வேண்டும், நல்ல படமாகக் கொடுங்கள் என்றார். உன் படம் அத்தனையும் என்னிடம்தான். வேறு எதைக் கொடுப்பேன்? கண்ணீர் அஞ்சலி என்று பெரிதாகப் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, நடுவில் நான் நாற்காலியிலிருந்து விழுந்ததற்குச் சிரித்துக்கொண்டு நின்றாய். கருமாதி முடிந்தும் அதை யாரும் அவிழ்க்கவில்லை. போகிற வருகிறபோது பார்த்துக்கொள்வேன்.

பிறகு ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாகத் திறந்த ஸ்கேன் சென்டரின் வாசலில், அந்தக் கட்டடத்தின் உயரத்துக்கு, நீ. அதே பச்சைப் புடவை, அதே கொடித் துணி. "சரியான நேரத்தில் ஸ்கேன். இன்று நான் நலம்!" என்று எழுதியிருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் உன் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி. நடுவில் பஸ் போய்க்கொண்டிருந்தது. டீக்கடையில் ஒருத்தர் இன்னொருத்தரிடம், இந்தம்மா இங்க செத்துட்டாங்க, அங்க பொழச்சிக்கினாங்க என்று காட்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு ஸ்கேன் சென்டருக்குள் போய்க் கத்தினேன்.

அங்கிருந்த மேனேஜர் நல்ல மாதிரிதான். இன்ஸ்டாகிராமில் நம் பேஜைப் பார்த்து, லிங்க் வழியாகப் போய், முறைப்படி வாங்கியிருக்கிறார். உள்ளூர் ஆள் என்று சந்தோஷப்பட்டு வாங்கினாராம். நீ உயிரோடு இல்லை என்று சொன்னதும் மனுஷன் முகம் செத்துவிட்டது. கையெழுத்து உன்னுடையது. விற்றது நாம். இப்போது அழித்தாலும் விற்றது விற்றதுதான்.

சாயங்காலம் அவர் ஆப்பிள் பையோடு உன் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். சுற்றி வளைத்துப் பேசினார். ஸ்கேனுக்கு வருகிறவர்கள் இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு பயப்படுகிறார்களாம். தங்களுடையதைக் கழற்ற முதலாளி ஒத்துக்கொள்ள நாளாகும். அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டி நாளாகிவிட்டதே, அதை மட்டும் எடுத்துவிட்டால் உதவியாக இருக்கும் என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. பொய்யை மாட்டி வைத்துவிட்டு நிஜத்தைக் கழற்றச் சொல்கிறாயா என்று பிடித்துக்கொண்டேன். அண்ணன் எழுந்தார். உள்ளே போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு, நேரே தெருமுனைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். ஏறி ஒவ்வொரு கயிறாக அறுத்தார். ஃப்ளெக்ஸ் சரிந்து என் மேல் விழுந்தது. அதைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"அங்கயாவது அவ நல்லா இருக்கட்டும்மா" என்றார்.

நான் அதைச் சுமந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தேன். அதற்கப்புறம் தினமும் கம்பெனி பஸ்ஸில், உன்னைப் பார்க்க, ஸ்கேன் சென்டர் பக்கத்து ஜன்னல் சீட்டில்தான் உட்கார்ந்து போனாராம். இதை அவரே நேற்றுத்தான் சொன்னார்.

நேற்று மழையில் நனைந்துகொண்டு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசற்படியிலேயே நின்றார். ஸ்கேன் சென்டரில் ஃப்ளெக்ஸை மாற்றிவிட்டார்கள். இப்போது கண்ணாடி போட்ட வேறு ஒரு பெண் சிரிக்கிறாள். அந்தப் படத்தை அழித்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை அண்ணா, அழிக்கலாம் என்றுதான் இருக்கிறேன் என்றேன். முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"வேற யாராச்சும் வாங்குவாங்களாம்மா? தூரமா இருந்தாலும் பரவால்ல."

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. நீ எங்கேயும் நலமாக இல்லை. பாகாயத்து ரூமில் உன் கடைசி வாரத்தை நான் பார்த்தவள். உலகத்துக்கு வேண்டியது நான் விழுந்ததற்கு நீ சிரித்த சிரிப்பு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நேரே பார்த்த உன்னை ஒருத்தருக்கும் வேண்டாம். இந்த வியாபாரம் எனக்குக் கசந்துவிட்டது. கேமராவைத் தொட்டே பல மாதம் ஆகிறது. ஆனாலும் அவர் போன பிறகு உட்கார்ந்து பேஜைத் திறந்தேன். நீ இருந்தபோது போட்ட அதே ஒழுங்கில் போட்டேன். படத்தின் குறுக்கே நம் பேர், லிங்க் மேலே இருக்கிறது என்று ஒரு வரி. டேக் ஒன்றையும் விடவில்லை. டீச்சர், நர்ஸ், கடைக்காரி, எல்லாம் தட்டினேன். குணமானவள் என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. பிறகு அதையும் தட்டினேன்.

குண்டான் நிரம்பிவிட்டது, கொட்டிவிட்டு வந்தேன். லைக் வந்துகொண்டிருக்கிறது, வழக்கம்போல. இனிமேல் வாரம் தவறாமல் போடுவேன். யாராவது வாங்க வேண்டும். எனக்குத் தெரியாத ஒரு ஊரில், ஏதாவது ஒரு கடை வாசலில், நீ நலமாயிருக்கிறாய் என்று அந்த மனுஷனிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும்.