கிறீஸ் பூசாத றப்பர்

மச்சான்,

வெயில் ஏறினால் உன்னுடைய பட்டறையின் தகரக் கூரை சூடாகி, அவித்த றப்பர் மணம் நடுச்சுவரைத் தாண்டி என் கடைக்குள் வந்துவிடுகிறது. பட்டறையைப் பூட்டி மூன்று வருடம் ஆகிறது. உள்ளே அடுப்பு எரியவில்லை, நீயும் இல்லை. மணம் மட்டும் தவறாமல் வருகிறது, கோதாரி விழுந்த மணம். கடைக்கு வருகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "முதலாளி, என்ன எரியுது?" என்று கேட்கிறார்கள். ஒன்றும் எரியவில்லை என்று சொல்லிப் பழகிவிட்டேன். இன்றைக்கும் ஒருவன் கேட்டான். அதற்குப் பிறகு வியாபாரத்தில் மனம் நிற்கவில்லை. உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன கிழமை உன் எஞ்சின் வந்தது. நீ கடைசியாகப் போன படகின் எஞ்சின். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நம்முடைய பழைய சண்டையிலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்கே தலை வால் பிடிபடாது.

நான் படகு எஞ்சின்களுக்கு உதிரிப்பாகம் விற்கிறவன். என் கடையில் இருப்பதெல்லாம் கப்பலில் வந்தவை. நீ பக்கத்துப் பட்டறையில் றப்பர் வார்க்கிறவன். சைக்கிள் பிறேக் கட்டை, குழாய் வளையம், கதிரைக் கால் தொப்பி என்று கிடைத்ததையெல்லாம் வார்ப்பாய். காலையில் தேநீர் வந்ததும் சண்டையும் வந்துவிடும்.

"மரம் எங்கட, பால் எங்கட. அதைக் கப்பலேத்தி வித்துப்போட்டு, பேந்து அதே றப்பரை அவன் பெட்டியில போட்டுத் தர, நாங்கள் பல்லை இளிச்சுக்கொண்டு வாங்குறம். வெக்கமாயில்லையோடா உனக்கு?" என்பாய்.

"உன்ர அச்சு மெசின் எந்த ஊர்? நீ போட்டிருக்கிற கண்ணாடி எந்த ஊர்? றப்பர் இறுகிறதுக்குக் கலக்கிறியே ஒரு தூள், அது எங்கயிருந்து வருது? எல்லாத்தையும் நாங்களே செய்ய ஏலாதடா. நீ குடிக்கிற தேத்தண்ணி ஒண்டுதான் இலங்கை," என்பேன்.

"சீனியும் வெளிநாடு எண்டதை விட்டிட்டாய்," என்று நீயே எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரிப்பாய். தோற்கும்போதும் சிரிக்கிற ஆளோடு சண்டை பிடிப்பது பெரிய கரைச்சல்.

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போன காலம் வந்தது. இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். என் கடைத் தட்டுகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. மீனவர்கள் வந்து கேட்டதெல்லாம் ஒரே சாமான், தண்ணீர்ப் பம்ப் றப்பர். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சக்கரம். சுற்றிவர றப்பர் இதழ்கள். அது சுழன்று கடல் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர வைக்கும். இழுத்த தண்ணீர் பின்பக்கத்துத் துளையால் நூலாகப் பாயும். கடலுக்குப் போகிறவன் பத்துத் தடவை திரும்பிப் பார்ப்பது அதைத்தான். "மூத்திரம் பெய்யுதா?" என்று படகின் முன்பக்கத்து அணியத்தில் இருப்பவன் கத்துவான். பெய்தால் வீடு வரலாம். நின்றால் எஞ்சின் கொதித்து இறுகிப்போகும்.

"நான் வார்த்துத் தாறன்," என்றாய். "விசரா, சும்மா இரு," என்றேன். நீ சும்மா இருக்கிற ஆளா?

முதல் றப்பரைப் பூட்டி, தண்ணீர் பீப்பாவுக்குள் எஞ்சினை இறக்கி ஓட விட்ட நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். துளையால் தண்ணீர் சீறியது. நீ அதற்குக் கீழே தலையைக் கொடுத்து, சட்டையோடு நனைந்து, "பெய்யுதடா, பெய்யுதடா" என்று துள்ளினாய். உன் மனைவி புவனா, பட்டறையோடு ஒட்டிய உங்கள் வீட்டுக் குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள். "ஐயோ, இந்த மனுசனுக்கு என்ன பிடிச்சது?" என்று என்னைக் கேட்டாள். எனக்கும் சந்தோசம்தான். உனக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

உப்புவெளியிலிருந்து இலங்கைத்துறை வரை கரை முழுக்க உன் றப்பர் போனது. ஆனால் சில படகுகளில் சில நாட்களிலேயே அது ஊதிப் போய், இதழ்கள் பிய்ந்தன. நீ சோறு தண்ணியில்லாமல் யோசித்துக் கண்டுபிடித்தாய். றப்பர் இறுக்கமான கூட்டுக்குள் இறங்க வேண்டும். அதற்காக எங்கள் ஆட்கள் காலங்காலமாகக் கிறீஸைத் தாராளமாக அப்பி உள்ளே தள்ளுவார்கள். கப்பலில் வருவது எண்ணெய்க்கு அசையாத செயற்கை றப்பர். உன்னுடையது மரத்துப் பால். எண்ணெய் பட்டால் குடித்து ஊதிவிடும். பிழை உன் றப்பரிலும் இல்லை, அவர்கள் கையிலும் இல்லை. இரண்டும் சந்தித்த இடத்தில் இருந்தது.

அன்றிலிருந்து துறை துறையாகச் சைக்கிளில் திரிந்தாய். "கிறீஸ் பூசாதீங்கோ. சவுக்காரத் தண்ணி பூசித் தள்ளுங்கோ," என்று பார்த்தவனிடமெல்லாம் சொன்னாய். "என்னண்ணை, எஞ்சினுக்குக் குளிக்க வாக்கிறதோ?" என்று பகிடி பண்ணினார்கள். பாதிப்பேர் கேட்டார்கள். மற்றவர்கள் "ஓமோம்" என்று தலையாட்டிவிட்டுப் பழையபடியே அப்பினார்கள்.

அந்த நாளைச் சொல்லாமல் விட ஏலாது. கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. நாம் உப்புவெளிக் கரையில் நின்றோம். ஒருவன் வந்து, விடியக் கடலுக்குப் போன அண்ணன் தம்பி இருவருக்கும் தான்தான் உன் றப்பரைப் பூட்டிக் கொடுத்ததாகச் சொன்னான். "நல்லா வழுக்கிக்கொண்டு போகட்டும் எண்டு கிறீஸ் அப்பித்தான் விட்டனான்," என்றான். பெரிய உதவி செய்த முகம் அவனுக்கு.

உன் முகம் செத்துப் போனது. கைபேசியில் அவர்கள் பிடிபடவில்லை. நீயே சவுக்காரத் தண்ணீர் பூசி றப்பர் பூட்டிக் கொடுத்த படகொன்று கரையில் கிடந்தது. சொந்தக்காரனைக் கேட்டு, அவர்களைத் தேடிப் போக அதைக் கடலில் இறக்கினாய். அப்போது மண்ணெண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்றது. எண்ணெய்க் கப்பல் வருகிறது, வருகிறது என்றார்கள், வரவில்லை. படகின் எண்ணெய்க் கானின் அடியில் கொஞ்சம் கிடந்தது. நீ குலுக்கிப் பார்த்து, "போதும்," என்றாய்.

"போறதுக்குப் போதும். வாறதுக்கு?" என்று கேட்டேன்.

"அவங்கட கானில இருக்கும்தானே. சேர்ந்து வருவம்," என்றாய். "என்ர சாமானோட போனவங்கள் மச்சான். பார்த்துக்கொண்டு நிக்க ஏலாது."

கரையில் யாரிடமும் ஒரு போத்தல் எண்ணெய் இல்லை. நீ போகும்போது பின்பக்கத்தால் தண்ணீர் ஒழுங்காகப் பாய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தது நான்.

பின்னேரம் அண்ணனும் தம்பியும் வந்து சேர்ந்தார்கள். றப்பர் ஊதிப் பிய்ந்ததாம். சாமான் பெட்டிக்குள் பழைய வெளிநாட்டு றப்பர் ஒன்று கிடந்ததாம். அதைப் பூட்டிக்கொண்டு தட்டுத் தடுமாறி வந்தார்களாம். உன்னைக் காணவில்லையாம். உன்னைத் தேடிப் போகக் கரை முழுக்கப் படகு இருந்தது. ஓட்ட எண்ணெய் இல்லை. நேவிக்காரர் தேடினார்கள். படகையும் காணவில்லை, உன்னையும் காணவில்லை.

ஊர் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. "அவன்ர றப்பர் அவனையே திண்டிட்டுது" என்று தேநீர்க்கடையில் கதைத்தார்கள். கான் விசயத்தை நான் எடுத்துச் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. றப்பர் கதைதான் சொல்லச் சுவையாக இருந்தது. தங்கள் தங்கள் எஞ்சின்களில் இருந்த உன் றப்பரைக் கழற்றிக் கடலில் எறிந்தார்கள். தடை நீங்கி என் தட்டுகள் நிறைந்தபோது, சாமான் வாங்க வந்தவர்கள், "முதலாளி, நீங்கள் அண்டைக்கே சொன்னீங்கள். நீங்கள் சொன்னதுதான் சரி," என்று என் முதுகில் தட்டினார்கள். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் உனக்குத் தெரியாது மச்சான். நீ இல்லாத இடத்தில் நான் வெல்ல வேண்டுமா? அப்படிப்பட்ட வெற்றியைக் கொண்டுபோய்க் குப்பையில் போடச் சொல்.

புவனாவும் றப்பரைத்தான் பிடித்துக்கொண்டாள். பேக்கரிப் பாண் பையில் சுற்றிவரும் றப்பர் வளையத்தைக்கூட வீட்டுக்குள் விடமாட்டாள். காலையில் முற்றம் கூட்டும்போது தொடங்குவாள். "நாசமாப் போன றப்பர். அறுவான் றப்பர். வேண்டாம் வேண்டாம் எண்டு சொன்னன், கேட்டியளா?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கும். ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் கடை திறந்தேன். அவள் ஏசும்போது, நீ ஒரு மூலையில் நின்று தலையைச் சொறிவது போலவே எனக்குத் தோன்றும். பலமுறை எழும்பி எட்டிப் பார்த்திருக்கிறேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன்.

போன கிழமை மூதூர் நசார் நானா லொறியில் வந்து இறங்கினார். உனக்கும் தெரிந்த மனுசன்தான், வலை வீசுகிறவர். பின்னால் சாக்கில் சுற்றிய எதையோ காட்டினார்.

"வலய இழுத்தா வரல்ல மொதலாளி. கல்லுதான் மாட்டிட்டெண்டு நெனச்சம். பாத்தா எஞ்சின். இந்தப் பிடியில இருக்கிற ஒட்டப் பாருங்க. அது அந்தப் படகுதானே?"

பிடியில் ஒட்டு வைத்தவனே நீதான். மட்டியும் சேறும் அப்பிக் கிடந்தது. தண்ணீர்ப் பம்ப் கூட்டைத் திறந்தால் உள்ளே உன் றப்பர் இருக்கும். பிய்ந்திருந்தால் ஊர் சொன்னது சரி. முழுதாக இருந்தால் உன் பெயருக்கு வந்த பழி போகும். ஆனால் புவனாவைக் கேட்காமல் கை வைக்க எனக்கு மனமில்லை. போய்ச் சொன்னேன். அவள் பட்டறைச் சாவியை எடுத்துத் தந்தாள்.

"அவரின்ர மேசையில வைச்சுத் திறவுங்கோ அண்ணை," என்றாள்.

ஆணிகள் துருவேறி அசையவில்லை. நசார் நானா சுத்தியலால் தட்டித் தட்டி இளக்கினார். நான் திருகினேன். புவனா வாசலுக்கு உள்ளே வரவில்லை, வெளியே போகவும் இல்லை. கூடு பிளந்தது. உப்பும் சேறும் வழிந்தன. உள்ளே விரலை விட்டு இழுத்தேன். வந்தது. ஓர் இதழும் பிய்யவில்லை. ஊதவும் இல்லை. ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்ததே தவிர, வாளித் தண்ணீரில் கழுவிவிட்டு மடித்துப் பார்த்தால் திரும்பி நிமிர்ந்தது. நடுவில் உன் அச்சின் கீறல் அப்படியே தெரிந்தது.

நசார் நானா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒரு கொறையும் இல்ல. கடைசி மட்டும் தண்ணி இழுத்த சாமான்," என்றார்.

நான் கத்திவிட்டேன் மச்சான். "வெண்டிட்டாயடா! வெண்டிட்டாய்!" என்று அந்தப் பட்டறைக்குள் நின்று, கிழவனாகிற வயதில், அழுதுகொண்டு கத்தினேன். தேநீர்க்கடைக்குப் போய் ஒவ்வொருவன் முகத்துக்கும் நேரே அதைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். புவனாவிடம் நீட்டினேன். அவளும் அழுவாள், பிறகு ஆறுவாள் என்றுதான் நம்பினேன்.

அவள் வாங்கவில்லை. "அப்ப ஏன் வரேல்ல?" என்று கேட்டாள்.

"எண்ணெய் முடிஞ்சிருக்கும் தங்கச்சி. காற்றும் வெளிப்பக்கமாத்தான் அடிச்சது. இழுத்துக்கொண்டு போயிருக்கும்."

"எண்ணெய் ஏன் இருக்கேல்ல?"

"கப்பல் வரேல்லத்தானே," என்றேன்.

அவள் உன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "றப்பர் எண்டா அவர் செய்தது," என்றாள். "அவரையும் சேர்த்து ஏசலாம். சொல்லுக் கேளாதவருக்கு இது வேணும் எண்டு ஏசலாம். ஏசேக்க முன்னால நிண்டு கேக்கிற மாதிரி இருக்கும். வராத கப்பலை எப்பிடியண்ணை ஏசுறது?"

நசார் நானா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

ஊர் இப்போது உன்னைப் பற்றி மரியாதையாகக் கதைக்கிறது. இருவர் வந்து உன் றப்பர் இன்னும் இருக்கிறதா என்றுகூடக் கேட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து புவனா ஏசுவதில்லை. முற்றம் கூட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. கூட்டி முடிந்ததும் அதுவும் நின்றுவிடுகிறது. இவ்வளவு நாளும் அவளுக்கு உன்னோடு கதைக்க ஒரு வழி இருந்திருக்கிறது. அதை நானே என் கையால் கழற்றி எடுத்துக் கழுவி, அவளிடம் நீட்டியிருக்கிறேன்.

அதனால் இப்போது காலையில் கடை திறந்ததும் நான்தான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, அவளுக்குக் கேட்கிற மாதிரி, உன்னை வாய்க்கு வந்தபடி ஏசுகிறேன். வெறும் கானோடு போனவனே, விசரா, ஊர்ப் பிள்ளைகளுக்காகப் போய் உன் வீட்டை மறந்தவனே என்று சத்தம் போடுகிறேன். ஏசிவிட்டு, அந்தப் பக்கமிருந்து அவளும் ஒரு வார்த்தை சேர்ப்பாளா என்று காது கொடுத்து நிற்கிறேன். இன்று காலையும் நின்றேன்.