சுரங்கப்பாதையைக் காட்டும் அம்புக்குறியை அழிக்கக் கோரியும், மன்னிப்புக் கடிதம் தர மறுத்தும்

அனுப்புநர்
பள்ளி வேன் ஓட்டுநர்,
கடைசி வீடு, வாய்க்கால் தெரு.

பெறுநர்
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: வெள்ளப் பாதுகாப்பு வழித்தடம் தவறு – மன்னிப்புக் கடிதம் தர இயலாமை – வழித்தடத்தை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் காவல் நிலையத்தின் சமூக சேவைப் பிரிவு சென்ற கோடையில் எங்கள் தெருவில் வெள்ளப் பாதுகாப்புக் கூட்டம் நடத்தியது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. மின்சார மெயினை அணைக்கச் சொன்னதும், பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டச் சொன்னதும் எங்களுக்கு உதவின. ஆனால் தண்ணீர் ஏறினால் ரயில்வே சுரங்கப்பாதை வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்றும் சொன்னார்கள். வெயில் காலத்தில் மோட்டார் சைக்கிளில் போய்த் தூரத்தை அளந்திருக்கிறார்கள். பள்ளத்தை யாரும் அளக்கவில்லை.

2. பதினொரு வருடமாக அந்த வழியில் வேன் ஓட்டுகிறேன். நாலு தூறல் விழுந்தாலே அங்கே முழங்கால் தண்ணீர். எழுந்து நின்று சொன்னேன். ஆய்வாளர், "கேள்வியெல்லாம் கடைசியில கேளுங்கம்மா" என்றார். கடைசியில் டீ, பிஸ்கட், போட்டோ. வருகைப் பதிவு என்று நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

3. சென்ற மாதம் ஒரு பிற்பகல், வாய்க்கால் உடைத்துக்கொண்டது. நிறைமாதமாக இருந்த என் நாத்தனாரையும் தெருக்காரர்கள் இருபத்தோரு பேரையும் வேனில் அடைத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் காவலர் விசில் ஊதி, சுரங்கப்பாதைப் பக்கம் கை காட்டினார். எனக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது ஊரறிந்தது. "அண்ணி, நீங்கதான் யார் பேச்சையும் கேக்க மாட்டீங்களே, இன்னிக்கும் கேக்காதீங்க!" என்று கத்தினாள். அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

4. திறப்பு விழாவுக்காக அடைத்து வைத்திருந்த புது மேம்பாலத்தின் தடுப்பை வேனாலேயே தள்ளிக்கொண்டு மேலே ஏறினேன். உண்மை. தடுப்பு வளைந்தது, அதுவும் உண்மை. மேலிருந்து பார்த்தபோது சுரங்கப்பாதையில் காவல் நிலைய ஜீப்பின் மேல்விளக்கு மட்டும் தெரிந்தது. அதை ஓட்டியவர் நீந்திப் பிழைத்தது அவர் செய்த புண்ணியம். என் வேனில் இருந்த பலருக்கு நீச்சல் தெரியாது. அத்தனை பேரையும் மேம்பாலம் வழியாகவே பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இறக்கினேன், ஐயா.

5. இப்போது என்மேல் வழக்கு. கூட்டத்தில் போட்ட கையெழுத்தே சாட்சியாம். வழி தெரிந்தும் மீறினேனாம். "அறிவித்த வழியே சரி, நான் செய்தது தவறு" என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். இல்லாவிட்டால் என் ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்யப் பரிந்துரை போகுமாம். வேன் நின்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் எழுத மாட்டேன். தடுப்பை வளைத்ததற்கு மன்னிப்பு வேண்டுமா, இதோ, கேட்டுக்கொள்கிறேன். அந்த வழி சரி என்று நானே எழுதிக் கொடுத்தால், அடுத்த மழைக்குத் தெருவே அந்தக் குழிக்குள் இறங்கும். அந்தப் பாவத்தை என்னால் சுமக்க முடியாது.

6. இத்தனைக்கும் பிறகு, நேற்று சமூக சேவைப் பிரிவினர் வந்து தெருமுனைச் சுவரில் மஞ்சள் பெயிண்டில் பெரிய அம்புக்குறி போட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் சுரங்கப்பாதையைத்தான் காட்டுகிறது! அடுத்த வாரம் மறுபடியும் கனமழை என்கிறது வானிலை அறிக்கை.

ஆகவே, தாங்கள் நேரில் வந்து பார்த்து, அம்புக்குறியை மேம்பாலத்தின் பக்கம் மாற்றவும், மழை நாட்களில் அங்குள்ள தடுப்பை விலக்கி வைக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்குள் யாரும் வராவிட்டால் அந்த அம்புக்குறியை நானே அழித்து மாற்றி வரைவேன். அதுவும் குற்றம் என்று தெரிந்தே முன்கூட்டித் தெரிவிக்கிறேன். பிடிக்க வருகிறவர்கள் என்னைத் தேடி அலைய வேண்டாம், ஏணிமேல்தான் இருப்பேன். வரைந்து முடித்ததும் நானே இறங்கி வந்து ஜீப்பில் ஏறிக்கொள்கிறேன்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: வாய்க்கால் தெரு

இப்படிக்கு,
(ஒப்பம்)
தெருவில் எல்லோரும் "வேன்காரம்மா" என்று அழைப்பவள்