காருக்குப் போன பிளக்குகள்

புது ஸ்பார்க் பிளக் பெட்டியைப் பிரித்தேன். வெள்ளைப் பீங்கான், எண்ணெய்க் காகித வாசனை. யுத்தம் முடிந்தும் இவை லேசில் கிடைப்பதில்லை. கையில் எடுத்ததும் உன் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

பெட்ரோல் இல்லாத காலம் அது. நம் பஸ் கரி வாயுவில் ஓடியது. நான் ஓட்டுவேன், பின்னாலிருந்த அடுப்புக்கு நீ கரி போடுவாய். அந்த வாயு பிளக் முனையெல்லாம் புகைக்கரி படியவைத்துப் பொறியைக் கொன்றுவிடும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்றுவாய். கத்தியால் சுரண்டி, முனையைத் தட்டி, தபால் கார்டு நுழையும் இடைவெளி மட்டும் விடுவாய். பீங்கான் விரிசல் விட்டவற்றைக்கூட எறிய வழியில்லை. "கெட்டதுல நல்லதாப் பொறுக்கறேன் மச்சா, நமக்குப் பொண்ணு பாக்கறாப்ல" என்று சிரிப்பாய்.

புது பிளக்குகள் பஸ்ஸின் பேரில்தான் வந்தன. முதலாளியிடம் கேட்கப் போனோம்.

"மூணு செத்துப்போச்சுங்க மொதலாளி. ஏத்தத்துல வண்டி நின்னுடுமுங்க" என்றாய்.

"அதைக் கார்ல போட்டாச்சுடா. வூட்ல கண்ணாலம். சம்பந்தி முன்னால காரு மக்கர் பண்ணா என் மானம் என்னாவறது?"

வெளியே வந்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாய்: "காருக்கு மானம், பஸ்ஸுக்கு நானா மச்சா?"

மறுநாள் பாதி ஏற்றத்தில் எஞ்சின் இருமி அணைந்தது. பிரேக்கை ஏறி மிதித்தேன். பாரம் பின்னுக்கு இழுத்தது. நீ குதித்துக் கட்டையைப் போட்டாய், வழுக்கியது. மறுபடி போடக் குனிந்தாய். ஓரத்துப் பாறையில் முட்டி பஸ் நின்றது. உள்ளே ஒருவருக்கும் காயமில்லை. பாறைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நீ இருந்தாய்.

"அவன் விதி" என்றார் முதலாளி. கல்யாணம் முடிந்ததும் கார் பிளக்குகளைக் கழற்றிப் பஸ்ஸில் மாட்டச் சொன்னார். நான்தான் மாட்டினேன். நீ செத்த இடத்தைப் பஸ் ஒரு இருமலும் இல்லாமல் ஏறிப்போனது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

இப்போது கட்டை தூக்க வேறொருவன் இருக்கிறான். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டு.

சற்று முன் முதலாளி வீட்டு ஆள் வந்தான். "காரு மக்கர் பண்ணுதாமுங்க. புது பிளக்கு வந்துச்சாமே, வாங்கியாரச் சொன்னாருங்க."

"பஸ்ஸுல மாட்டியாச்சுன்னு போய்ச் சொல்லு."

அப்போது ஒன்றுகூட மாட்டியிருக்கவில்லை. அவன் போன பிறகுதான் மாட்ட ஆரம்பித்தேன், ஒவ்வொன்றாக, நன்றாக இறுக்கி.