கூம் ராடிசாவ் கொண்டுவரும் கற்கள்

அன்பு மகள் நெவேனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்பளவில் இரண்டு பேரும் சுகம், மனதளவில் கேட்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டி ரேல்யாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கக் கடவுளை வேண்டிக்கொள்கிறேன். ஸ்வீடன் குளிரில் பிள்ளைக்குக் காலுறைகூட மாட்டாமல் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய், அதைப் பார்த்துவிட்டு உன் அப்பா ஊரெல்லாம் புலம்பித் தீர்த்தார். குடைமிளகாயைச் சுட்டு உரித்து ஐவார் கிண்டி முடித்தேன், இந்த வருஷம் காரம் கொஞ்சம் தூக்கல். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

வசந்தத்தில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு மொராவா ஆறு நம் பக்கத்துக் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. பிளம்ஸ் தோப்பில் ஆற்றோர வரிசை போய்விட்டது, கோழிக்கூட்டை நாங்களே பிரித்து இந்தப் பக்கம் வைத்தோம். நீர்வளத் துறையிலிருந்து தெயோதோரா என்று ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். ஆற்றின் ஆழம், கரையின் உயரம் எல்லாம் அளந்து கணினியில் ஏற்றி, வெள்ளத்தை அதற்குள்ளேயே ஓடவிட்டுப் பார்ப்பார்களாம். சமையலறை மேஜையில் அதைத் திறந்து வைத்தாள். அப்பா அவளுக்குப் பிளம்ஸ் சாராயம் ஊற்றிக்கொண்டே, ஏம்மா இதுல மீனும் வருமா என்று நக்கலடித்தார். அவள் சிரித்துவிட்டு முதலில் போன வெள்ளத்தை ஓட்டிக் காட்டினாள். திரையில் நீலம் ஏறி ஏறி நம் படிக்கட்டில் அன்றைக்கு எங்கே நின்றதோ அங்கேயே நின்றது, தேவாலய வாசலைத் தொட்டது, மேட்டிலிருக்கும் கல்லறைத் தோட்டத்தை விட்டுவிட்டது. அப்பாவின் நக்கல் அதோடு நின்றது, அவர் நம்பிவிட்டார்.

அப்புறம் அவள் நம் கரையில் கல் அடுக்கியதாக வைத்து ஓட்டினாள். நம் வீடு தப்பிக்கிறது, ஆனால் தள்ளப்பட்ட தண்ணீர் எதிர்க்கரையில் ஏறி உன் ஞானத்தகப்பன் கூம் ராடிசாவ் வீட்டுக் கீழறைக்குள் போகிறது. கரையைச் சரிவாக வெட்டி, ஆற்றுக்கு இடம் விட்டு, வில்லோ மரம் நட்டால் இரண்டு பக்கமும் அடங்கும், ஆனால் அந்தச் சரிவு நம் வீடு நிற்கிற இடத்தில்தான் வருகிறது. துறை கல்லுக்கு ஒப்புக்கொள்ளாது, டவுனில் ஒரு குடியிருப்பு தருகிறோம், எடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது என்பார்களே, அந்த நிலைதான் எங்களுக்கு.

இதைக் கேள்விப்பட்ட கூம் என்ன செய்தார் தெரியுமா. இடிந்துகிடந்த தன் பழைய தொழுவத்துக் கல்லை டிராக்டரில் ஏற்றி, பாலம் சுற்றி வந்து, நம் கரையில் கொட்டினார். என் ஞானமக பொறந்த வீட்ட ஆறு கொண்டுபோக நான் பாத்துட்டு நிப்பேனா, வீடோயே, வாடா எறக்கு என்று உன் அப்பாவை அதட்டினார். மேலே கடவுள், கீழே கூம் என்று வளர்ந்த மனிதர் உன் அப்பா. கூம் கொண்டுவந்ததை வேண்டாமென்று எப்படிச் சொல்வார், தலையைக் குனிந்துகொண்டு இறக்கினார். நான்தான் வாயைத் திறந்து, கூம், இந்தக் கல்லு உங்க வீட்டுக்குள்ள தண்ணிய விடும், அந்தப் பொண்ணு காட்டினா என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எங்க மேட்டுல என்னைக்கு தண்ணி ஏறிச்சு, ஸ்டாமென்கா? கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற ஆத்துக்கா நான் பயப்படணும்? கல்லு வேண்டாம்னா நான் வேண்டாம்னு நேரா சொல்லு என்றார்.

தினமும் வருகிறார். அந்தக் கீழறையில் அவர் பேத்தி தூங்குகிறாள் நெவேனா, நம் ரேல்யா வயதுதான். அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, கல் இறக்கிய கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறார். வீட்டை விட்டுப் போகவும் மனசில்லை, அந்தக் குழந்தைமேல் தண்ணீரைத் தள்ளிவிட்டு இருக்கவும் முடியவில்லை.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். உன்னை ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரிலிருந்து கையில் வாங்கிப் பெயர் வைத்தவர் அவர். நாங்கள் மறுத்தால் அவமானம், ஞானமகள் கேட்டால் அவரால் தட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுக் கல் வேண்டாம் என்று சொல். வருகிற கோடையில் ரேல்யாவின் ஞானஸ்நான விருந்தை இந்த முற்றத்தில்தான் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய், நீ சொல்லும் அந்த வார்த்தையோடு முற்றமும் போய்விடும். தெரிந்துதான் கேட்கிறேன், அம்மாவைத் திட்டாதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். யாருக்கு என்றார். ஐவார் பக்குவம் கேட்டாள், எழுதுகிறேன் என்று மழுப்பினேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவளையே சொல்லச் சொல்லு, எனக்கு வாய் வரல என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, நோய்நொடி இல்லாமல் இருங்கள், தாயின் ஆசி எப்போதும் உண்டு. ஐவார் போத்தல்களை அங்கே வரும் பஸ்காரரிடம் கொடுத்திருக்கிறேன், மறக்காமல் போய் வாங்கிக்கொள். இன்னொன்று, கூமிடம் பேசும்போது அழுதுவிடாதே. உன் குரல் உடைந்தது தெரிந்தால், மனிதர் அன்றைக்கே இன்னொரு வண்டி கல் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

உன் அம்மா
ஸ்டாமென்கா