நாற்பத்தொரு ‘பாக்கலாம்’

தெம்பனிஸ்
சிங்கப்பூர், 3.9.2025

அன்புள்ள அனிதா,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். ரியாஸ் அண்ணனின் தையல் கடைக்குள் ஒரு மூலையில் நின்று எத்தனை நாள் சேலை மடித்து இஸ்திரி போடுவாய்? இங்கே தனிக்கடை ஒன்று காலியாக இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் நான் நடத்தும் தொழில்முனைவுப் பாடம் உனக்காவது பயன்படட்டுமே. முதலில் வாடிக்கையாளரைக் கேள் என்பது பாடம். கேட்டுவிட்டேன். “கொசுவம் மடித்து, அப்படியே கட்டிக்கொள்ளும்படி சேலையைக் கொடுத்தால் வருவீர்களா?” என்று அறுபது பெண்களிடம். ஆறு பேர் ‘கண்டிப்பா’. நாற்பத்தொரு பேர் ‘பாக்கலாம்’. ஆக, நாற்பத்தேழு பேர் ஆதரவு! பன்னிரண்டாம் தேதிக்குள் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவருடைய போன் எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

உன்
வசந்தகுமாரி

ஜாலான் புசார்
5.9.2025

வசந்தா,

உனக்கு டாக்டர் பட்டம் கொடுத்தவர்கள் யாரும் தமிழர் இல்லை போலிருக்கிறது. ‘பாக்கலாம்’ என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம்டி! போன பொங்கலுக்கு உன் மாமியார் கூப்பிட்டபோது “பாக்கலாம் அத்தை” என்றாயே, போனாயா?

சேலை மடிக்க என்று என்னைத் தேடி யாரும் வருவதில்லை. ரவிக்கை தைக்க அண்ணனிடம் வருகிறார்கள். அளவு கொடுக்க நிற்கும்போது என் மேசை கண்ணில் படுகிறது. “அட, இதுவும் செய்வீங்களா? அடுத்த வாரம் கல்யாணம் லா” என்று பையிலிருந்து சேலையை எடுக்கிறார்கள். அண்ணன் இல்லாத தெம்பனிஸில் என்னை யாருக்குத் தெரியும்? அங்கே வியாபாரம் படுத்துவிட்டால் இந்த மேசையும் எனக்குத் திரும்பக் கிடைக்காது.

அனிதா

தெம்பனிஸ்
8.9.2025

அன்புள்ள அனிதா,

சரி, ‘பாக்கலாம்’ என் தவறு. ஆனால் எல்லாம் உறுதியான பிறகு இறங்குவதில் என்ன இருக்கிறது? நிச்சயமில்லாததைத் தாங்குகிறவர்தான் தொழில்முனைவர் என்று வருடா வருடம் வகுப்பில் சொல்கிறேன். நீயோ ஒரு தையல்காரர் நிழலில் ஒதுங்கியிருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே.

வசந்தா

ஜாலான் புசார்
11.9.2025

வசந்தா,

கோபித்துக்கொண்டேன்.

நிச்சயமில்லாததா? யாரோ ஒருத்தியின் கல்யாணப் பட்டின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பார், தெரியும். நீ எழுதியதை அண்ணனிடம் சொன்னேன். “உன்னாலதான் எனக்கு ரவிக்கை வேலையே கூடிச்சு தங்கச்சி. நீ போனா எனக்கும் படுத்துடும்” என்கிறார். இப்போது சொல், யார் நிழலில் யார்?

தெம்பனிஸ் கடைக்காரருக்கு நானே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கேயே இரண்டாவது மேசை போடுகிறேன், அண்ணன் இடம் ஒதுக்கிவிட்டார். தீபாவளி வேலை குவிகிறது. அடுத்த வாரம் சனிக்கிழமை வா. பட்டு மடிக்கும்போது மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பாடம் நடத்தக் கூடாது.

அனிதா

தெம்பனிஸ்
12.9.2025

அனிதா,

வருகிறேன். கடை எத்தனை மணிக்குத் திறக்கும்? பஸ்ஸிலிருந்து இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? ஆறு வருடமாக உன்னைக் காப்பிக்கடைக்கே வரச் சொல்லிப் பேசியிருக்கிறேன் என்பது வழியை யோசித்தபோதுதான் தெரிந்தது.

வசந்தா