தாயை நீக்கினால்

உத்திரமேரூர்
14.8.2003

அன்புத் தம்பி சிராஜுக்கு அக்கா வகிதா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். சிங்கப்பூரில் நீயும் சாதியாவும் குழந்தை சபாவும் நலம்தானே? அத்தாவுக்கு மூட்டு வலி தேவலை. எனக்குத்தான் சோறு தண்ணி இறங்கவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

புள்ளலூர் சடையப்பனின் மகள் கீதா எங்கள் கிளினிக்கில் சாகப் பார்த்தாள், சிராஜ். நாலு வயசுப் பிள்ளை. காய்ச்சல், தொண்டை வீக்கம் என்று தூக்கி வந்தார். நீ கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் புரோகிராமில் தேடினேன், பெயரே இல்லை. எந்த மருந்தாவது ஆகாதா என்று டாக்டர் வேதாசலம் கேட்டதற்குச் சடையப்பனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பென்சிலின் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு முகம் வீங்கி, உதடு நீலமாகி, மூச்சு இழுத்துக்கொண்டது. டாக்டர் பதறி அட்ரினலின் ஊசி போட்டுக் காப்பாற்றினார்.

பிறகு சடையப்பன், "எம் பொண்டாட்டி இங்கதானேம்மா இட்டாந்துகினு இருந்தா" என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவர் மனைவி முனியம்மாள் செத்த பிறகும், குழந்தைக்குத் தடுப்பூசி போட வரச் சொல்லி அவள் பெயருக்கே உன் புரோகிராம் சீட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் இவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "செத்தவ பேரப் போட்டு ஏம்மா கூப்டுக்கினு கீறீங்க?" என்று அழுதார். மனசு கேட்காமல் அவள் பெயரை மட்டும் நீக்கினேன்.

நேற்று ஒரு பொய்ப் பெயர் போட்டு, கீழே இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து, அம்மாவை மட்டும் நீக்கிப் பார்த்தேன். கண்ணெதிரே இரண்டும் காணாமல் போயின. கீதாவும் அப்படித்தான் போயிருக்கிறாள், எது ஆகாது என்ற குறிப்போடு சேர்ந்து. ஆப்ஜெக்ட் மாடல் என்று எனக்குப் படம் போட்டுக் காட்டினாயே, அம்மா மேலே, பிள்ளைகள் கீழே, மற்றதை அடியில் இருக்கும் ஃப்ரேம்வொர்க் தானாகவே பார்த்துக்கொள்ளும் என்று. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது போ.

போன வருஷத்துப் பதிவுகளின் காப்பி ஒன்று சிடியில் இருக்கிறது. நீ அனுப்பிய புது வெர்ஷன் அதைத் திறக்க மாட்டேன் என்கிறது. நீயே உண்டாக்கி, மகள் பெயர் வைத்த கோப்பு வகை ஆயிற்றே, வேறு எதில் திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. பழைய புரோகிராம் உன்னிடம்தான் இருக்கும். சிடியை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

முனியம்மாளைப் போல இன்னும் சில பேரை நீக்கியிருக்கிறேன். யார் யார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எது ஆகாது என்று சொல்ல வீட்டில் தாயும் இல்லை, இங்கே பதிவும் இல்லை. நாளைக்கே ஒன்று காய்ச்சலோடு வந்தால் நான் என்ன செய்வேன்?

அம்மா மவுத்தானபோது நீ என் தாவணியைப் பிடித்துக்கொண்டே திரிந்தாய். தாய் போன பிறகும் பிள்ளை இருக்கும் என்று உனக்குமா தோன்றவில்லை? கேட்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன்.

மற்ற வேலையெல்லாம் அப்புறம். அந்தப் பிள்ளைகளின் பெயர்களை எடுத்துக் கொடு தம்பி. சாதியாவுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். ஒவ்வொரு தொழுகையிலும் அதைத்தான் கேட்கிறேன்.

துஆவுடன்,
உன் அக்கா வகிதா