புள்ளியில்லாத படம்

நாள் 212. காலை 06:10
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் தமயந்தி. இந்த விண்வெளி நிலையத்தில் தனி ஆள். வெடித்துச் செத்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சத்தைப் படமெடுப்பது என் வேலை. நேற்று நாற்பது படங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் சிவப்பு இழைகள் பிரமாதமாக வந்திருக்கின்றன. தரைநிலையத்தில் படப்பிரிவுத் தலைவர் சவரிராஜுக்கு அது போதாது. குறை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"என்னம்மா, சுத்தி இருக்கற நட்சத்திரமெல்லாம் புள்ளி புள்ளியா கெடக்கு. கண்காட்சிக்கு இதையா வைக்கிறது?"

நாள் 213. மாலை 17:40
புள்ளிகளை அழிக்க ஒரு நிரல் எழுதிவிட்டேன். எவ்வளவு பெரிய புள்ளியானாலும் வழித்தெடுத்து, அந்த இடத்தைப் பூசி மெழுகிவிடும். இங்கேயும் தரையிலும் படம் திறந்தவுடன் தானாக ஓடும். இனி அந்த மனுஷன் வாயைத் திறக்கட்டும், பார்க்கிறேன்.

நாள் 231. காலை 09:20
கேமராவைச் சரிபார்க்க, நிரலை நிறுத்திவிட்டு இத்தனை நாள் படங்களையும் எடுத்தபடியே திறந்தேன். எந்த நட்சத்திர அட்டவணையிலும் இல்லாத ஒரு புள்ளி. பதினெட்டு நாளாக இடம் மாறவில்லை, பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது. அப்படியென்றால் அது நேராக என்னை நோக்கி வருகிறது. யாரோ கைவிட்ட ராக்கெட்டின் துண்டாக இருக்க வேண்டும். இன்று 14:00க்கு மோதும். விலகிப்போக எஞ்சின் வேண்டும். படமெடுக்கையில் நிலையம் அசையக் கூடாதென்று எஞ்சினின் பூட்டு தரையில், சவரிராஜ் கையில். எனக்குப் பயமாக இருக்கிறது.

11:05
பூட்டைத் திறக்கச் சொன்னேன். சவரிராஜின் பதில்: "எரிபொருள் செலவுக்கு மேலிடத்துல என்னைத்தான் கேப்பாங்க. சும்மா பதறாம படத்தை அனுப்பு, பார்ப்போம்."

அனுப்பிவிட்டேன். கண்ணைத் திறந்து பார்க்கட்டும்.

12:30
"பார்த்தாச்சு. ஒரு புள்ளிகூட இல்லியே! தனியா இருந்து இருந்து உனக்கு மூளை கொழம்பிப்போச்சு."

பாவி மனுஷன்! இல்லை. பாவி நான். அங்கே ஓடியது என் நிரல். என் உயிரைக் காப்பாற்ற வேண்டிய புள்ளியை அதுவே அழித்துவிட்டுக் காட்டியிருக்கிறது.

12:34
நிரலை நிறுத்திவிட்டுப் படத்தைத் திறக்கும்படி மூன்று முறை செய்தி அனுப்பினேன். கெஞ்சினேன். போயும் போயும் அவரிடம் கெஞ்சினேன்.

13:10
"சரிம்மா, சாப்ட்டு வந்து பார்க்கறேன்."

13:58
ஜன்னலில் முழுநிலா அளவுக்குத் தெரிகிறது. உருண்டு உருண்டு வருகிறது. பூட்டு விளக்கு இன்னும் சிவப்பு. சாப்பிடுகிறான். இன்னும் சாப்பிட்டுக்கொண்டு

14:03
தானியங்கிப் பதிவு. எஞ்சின் பூட்டு திறக்கப்பட்டது. செய்தி ஒன்று:

"தமயந்தி, பார்த்துட்டேம்மா! எஞ்சினைப் போடு! சீக்கிரம் போடும்மா!"

நிலையத்தின் காற்றழுத்தம்: பூஜ்யம்.